குடியிலிருந்து மீள ஜெபம், மருந்து, சொந்த முயற்சி: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் கரையில் குடிக்கு இரண்டு வைத்தியம்தான் பலருக்கும் தெரியும். ஒன்று, மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தி "இனிமேல் தொடமாட்டேன்" என்று சத்தியம் வாங்குவது. இன்னொன்று, யாரோ சொன்ன ஒரு மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய் அடைத்துவிட்டு வருவது. என் தம்பி விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். அவனுக்காக நாங்கள் பாம்பனுக்கும் ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் அலைந்தபோது, எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று வரிசையாகச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பியை மீட்டது ஆண்டவர் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். அரசு மருத்துவமனை டாக்டர் கையாலும், தம்பி தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த முயற்சியாலும்தான் அவர் அதைச் செய்தார் என்றும் நம்புகிறேன். இந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அவர்களை நம்ப வேண்டாம்.

1. காலையில் கை நடுங்குகிறதா என்று பாருங்கள்

எதற்கும் முன்னால் இதுதான். தினமும் குடிப்பவரா? காலையில் எழுந்ததும் கை நடுங்கி, அதை அடக்க ஒரு கட்டிங் தேவைப்படுகிறதா? ஆமாம் என்றால், "இன்றோடு நிறுத்து" என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார், உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவார், இருக்கிற இடம் தெரியாமல் வெளியே ஓடப் பார்ப்பார். எங்கள் ஊர்களில் இந்த நேரத்தில்தான் "பேய் பிடித்திருக்கிறது, மந்திரித்து விடுங்கள்" என்று ஆரம்பிப்பார்கள். பேயும் இல்லை, சாபமும் இல்லை. வருடக்கணக்கில் சாராயத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றதும் தறிகெட்டு ஓடுகிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நிலை இது. 108ஐக் கூப்பிடுங்கள். ஜெபிக்க விரும்புகிறவர்கள் வண்டிக்குள் உட்கார்ந்து ஜெபிக்கட்டும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, துணி எதையும் திணிக்க வேண்டாம். கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை.

டாக்டரைப் பார்க்கப் போகும் நாள்வரை அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்துக் குடித்தால் போதும். முழுக்க நிறுத்துவது டாக்டர் கண்காணிப்பில் நடக்கட்டும். இன்னொரு எச்சரிக்கை: வாந்தி, அசதி என்று பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றப் போனால், "இவர் தினமும் குடிப்பவர்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் பி1 வைட்டமின், அதாவது தயமின், கொடுத்துவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். கௌரவம் பார்த்து மறைத்தால் நோயாளிக்குத்தான் கேடு.

2. தெளிந்திருக்கும் நேரத்தில் பேசுங்கள்

குடித்து வந்த இரவில் பேசுவது வீண். தொழிலுக்குப் போகாத நாளின் காலை நேரம் நல்லது. ஒருவரோ இருவரோ பேசினால் போதும். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். பங்குத்தந்தையோ பாஸ்டரோ அவர் மதிக்கிறவராக இருந்தால் கூட்டி வாருங்கள். ஆனால் முன்கூட்டியே அவரிடம் "பிரசங்கம் வேண்டாம் ஃபாதர், ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொள்ள வைத்தால் போதும்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். சத்தியம் கேட்காதீர்கள். ஒரு தேதி மட்டும் கேளுங்கள்.

3. எப்போது கிளம்புவது

கடல் தொழில் குடும்பத்துக்கு இதுதான் பெரிய கேள்வி. போகாத நாளுக்கு மீன் விற்ற பணத்தில் பங்கு கிடையாது, வாங்கிய முன்பணம் தலைமேல் நிற்கும்.

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சேர்வதற்கு இதைவிடத் தோதான காலம் இல்லை. உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கும் ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள், அப்புறம் மையத்தில் ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டாலும் படகு இறங்கும் முன் வீடு திரும்பிவிடலாம். அதே தடைக்காலம்தான் மிக ஆபத்தானதும். ஈஸ்டர் எந்த வருடமானாலும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில்தான் வரும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்கத் தொடாமல் இருந்தவர், ஈஸ்டர் முடிந்த கையோடு வேலையும் இல்லாமல், தடைக்கால நிவாரணப் பணமும் கையில் வரும்போது உட்கார்ந்திருப்பார். நிவாரணம் 8000 ரூபாய் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. அந்தப் பாஸ் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் யாரிடம் இருக்கும் என்பதை முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள்.

நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் பொருந்தாது. பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காற்று அடித்துத் தொழில் மந்தமாகும் நாட்களைப் பாருங்கள். ஆனால் கை நடுக்கமோ, கல்லீரல் கோளாறோ, இரத்த வாந்தியோ இருந்தால் காலநேரம் எதுவும் பார்க்க வேண்டாம்.

படகு முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. "ஊருக்குப் போயிருக்கிறான்" என்று சொன்னால் நாலாம் நாள் வேறு ஆளைப் போட்டுவிடுவார். "சிகிச்சைக்குப் போகிறான், இந்தத் தேதிக்கு வந்துவிடுவான்" என்றால் பலர் இடத்தை வைத்திருப்பார்கள். போதையில் கடலில் விழுந்து செத்தவர்களைப் பார்க்காத முதலாளி இந்தக் கரையில் இல்லை.

4. பையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஆதார் அட்டையும் குடும்ப அட்டையும், இரண்டிலும் நகல் இரண்டிரண்டு. பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் நான்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதுவும். மீனவர் நல வாரிய அட்டை ஆஸ்பத்திரியில் கட்டாயமில்லை, ஆனால் உதவி கேட்டு விண்ணப்பிக்கும் இடங்களில் கேட்பார்கள்.

இவற்றைவிட முக்கியமானது பழைய மருத்துவச் சீட்டுகள். சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய், வலிப்பு எதற்காவது மாத்திரை சாப்பிட்டால் அந்த அட்டைகளோடு போங்கள். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது இந்த நான்கும்தான். குடிப்பவர் குறைத்துச் சொல்வார், நீங்கள் கோபத்தில் கூட்டிச் சொல்வீர்கள். முன்னாலேயே எழுதி வைத்தால் இரண்டும் நடக்காது.

கூட இருப்பவருக்குப் பாய், போர்வை, சொம்பு. சாப்பாடு, டீ, பஸ் செலவு, வெளியில் எடுக்கச் சொன்னால் ஒரு ஸ்கேன் என்று இரண்டு மூவாயிரம் கையில் இருந்தால் நல்லது. அந்தப் பணம் துணைக்கு வருபவரிடம்தான் இருக்க வேண்டும்.

5. அரசு மருத்துவமனையில் என்ன நடக்கும்

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். புறநோயாளி நேரம் காலைதான். முதல் பஸ்ஸிலோ ரயிலிலோ கிளம்பிப் போய் சீட்டு வாங்கும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று சொல்லுங்கள். "வயிற்றுவலி" என்று கூச்சத்தில் சொன்னால் பொதுப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள், அந்த நாள் போய்விடும். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார். உங்கள் பக்கத்துக்கு எந்தக் கிழமை என்று போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். 2025இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் திறந்தது. அருகில் உள்ளது எது என்று மனநலப் பிரிவிலேயே விசாரியுங்கள்.

இரத்தம், கல்லீரல், சர்க்கரை, இசிஜி எடுப்பார்கள். உள்நோயாளியாகச் சேர்த்தால் நடுக்கமும் வலிப்பும் வராமல் இருக்க மாத்திரை கொடுத்து, நாளாக ஆகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். தயமின் ஊசி உண்டு. சீட்டு, படுக்கை, மருந்து எல்லாம் இலவசம். யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இந்த நாட்கள் முடிந்ததும் முகம் தெளிந்து, சாப்பாடு பிடித்து, "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்பார். நம்ப ஆசையாகத்தான் இருக்கும். உடம்பிலிருந்து சாராயம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். குடிக்கிற பழக்கம் அப்படியே உள்ளே இருக்கிறது. ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு, அவற்றை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம். விவரம் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லிச் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல துணை. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று சுவரிலும் போனிலும் விளம்பரம் செய்கிறார்களே, அதை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. குழம்பில் கலந்து கொடுத்துவிட்டு அவர் வெளியே போய்க் குடித்தால் பாவமும் பழியும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழும்.

கஞ்சா, மாத்திரை, ஊசி என்று வேறு போதையானாலும் இதே பிரிவுதான். போலீஸ் பயத்தில் பலர் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்த வழக்கில் சிக்கிய போதை அடிமை தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுச் சிகிச்சை பெற்றால், அந்த வழக்கு நடவடிக்கையிலிருந்து பாதுகாப்புத் தருகிறது.

6. மறுவாழ்வு மையத்தைத் தேர்ந்தெடுப்பது

எல்லோருக்கும் மையம் தேவைப்படாது. வீட்டில் ஒழுங்காக மருந்து எடுத்து, தவறாமல் போய்க் காட்டுகிறவர் அப்படியே தேறலாம். பலமுறை திரும்பியவருக்கும், கூட்டாளிகள் சுற்றி நிற்கும் தெருவில் குடியிருப்பவருக்கும் ஒரு மாதம் விலகி இருப்பது உதவும். 14446க்குப் போன் செய்தால் மத்திய அரசு நிதியில் நடக்கும் மையங்களைச் சொல்வார்கள். முதலில் அங்கே கேளுங்கள், தனியார் அப்புறம்.

போய்ப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவார்கள், வீட்டார் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். மாதக் கட்டணத்தில் மருந்தும் பரிசோதனையும் சேர்த்தியா, தனியா? பாதியில் அழைத்துப்போனால் முன்பணம் திரும்புமா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள், ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். நாங்கள் போன ஓர் இடத்தில் சொன்ன தொகை ஒன்று, மாதக் கடைசியில் கேட்ட தொகை வேறு. எழுத்து இல்லாததால் வாயடைத்து நின்றோம்.

தானாகச் சேர்ந்தவர் வெளியே போக வேண்டும் என்று கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு. தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை, அவர் நியமித்த பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், மருத்துவர்கள் பார்த்துச் சேர்க்க தனி விதி உண்டு. அதற்கும் முதலில் 30 நாள்தான் வரம்பு. "நாங்களே ஆள் அனுப்பி வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம்" என்கிற இடத்துக்கு மறுபேச்சே வேண்டாம். சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எந்த மதத்தின் பெயரை வாசலில் எழுதியிருந்தாலும், உள்ளே சங்கிலி தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

7. ஆலயத்திடம் என்ன கேட்பது, எதற்குச் சம்மதிக்கக் கூடாது

லாசரை இயேசு உயிரோடு எழுப்பியபோது கல்லறை வாசலிலிருந்த கல்லை எடுக்கச் சொன்னது சுற்றி நின்றவர்களிடம். எழுந்து வந்தவனின் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னதும் அவர்களிடம்தான். உயிர் கொடுப்பது தேவனுடைய வேலை. கல்லைத் தள்ளுவதும் கட்டை அவிழ்ப்பதும் நம்முடையது. ஆலயத்திடம் நான் கேட்கச் சொல்வது இந்த இரண்டாவது வேலையை.

முதலில் மாலை நேரம். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரைதான் கால் கடைப் பக்கம் இழுக்கும். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டமோ, செபமாலையோ, பாடல் பயிற்சியோ, கோவிலைப் பெருக்குகிற வேலையோ ஏதாவது ஒன்றில் அவரைச் சேர்த்துவிடுங்கள். கையும் காலும் ஒரு வேலையில் இருக்க வேண்டும், பக்கத்தில் நாலு பேர் இருக்க வேண்டும். சும்மா கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னால் ஒரு வாரத்தில் நின்றுவிடுவார்.

அடுத்து, ஒரு துணை ஆள். குடியை விட்டு சில வருடம் ஆன ஒருவர் உங்கள் ஆலயப் பங்கிலேயே இருப்பார், பங்குத்தந்தைக்குத் தெரிந்திருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு அழைத்தாலும் போனை எடுக்கிற ஆளாக இருக்க வேண்டும். பாடம் எடுக்கிறவர் வேண்டாம், கூட நடக்கிறவர் வேண்டும். மரியாயின் சேனை என்ற ஆலயக் குழுவினர் வீடு சந்திக்க வருவார்கள், தயங்காமல் கூப்பிடுங்கள். பஸ் செலவுக்கும் வீட்டு அரிசிக்கும் முட்டுப்பட்டால் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் கேட்கலாம். இதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள், கேட்பதில் வெட்கம் இல்லை.

குருவிடம் தனியாகப் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் பெரிய ஆறுதல். சனிக்கிழமை வரிசையில் நிற்காமல், வாரநாளில் நேரம் கேட்டுத் தனியாகப் போகச் சொல்லுங்கள். அங்கே சொன்னதைச் சாமியார் வெளியே சொல்லமாட்டார் என்பது குடிப்பவருக்குத் தெரியும், அதனால் டாக்டரிடம் சொல்லாததைக்கூட அங்கே சொல்வார். ஆனால் அது ஆலோசகரிடம் போவதற்குப் பதில் ஆகாது. இரண்டும் வேண்டும்.

நற்கருணையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அப்பம் மட்டும் வாங்கினாலே கத்தோலிக்கத் திருச்சபையில் அது முழு நற்கருணை, திராட்சை இரசம் தேவையில்லை. இரசம் கொடுக்கும் சபையாக இருந்தால் குருவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவர் ஒரு மடக்கும் தொடக்கூடாது.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும், ஏ.ஏ. என்று சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் ஆலய வளாகத்திலேயே நடக்கின்றன. அது எந்தச் சபைக்கும் சொந்தமில்லை, கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது. தன்னால் முடியவில்லை என்று ஒத்துக்கொள்வது, தன்னைவிடப் பெரிய சக்தியிடம் ஒப்படைப்பது, தீங்கு செய்தவர்களிடம் போய்ச் சரிசெய்வது என்று போகிற அதன் பன்னிரண்டு படிகளும் விசுவாசிகளுக்குப் புதிதாகத் தோன்றாது. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு.

இனி, சம்மதிக்கக் கூடாதவை.

ஆயுளுக்கும் சேர்த்துச் சத்தியம் வாங்குவது. ஒருநாள் தவறினால் "மாதாவையே ஏமாற்றிவிட்டேன்" என்ற குற்ற உணர்ச்சியில் கோவில் பக்கமே வரமாட்டார், அந்த வேதனையை மறக்க இன்னும் குடிப்பார். இப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாகக் காலையில் எழுந்ததும் "இன்றைக்கு மட்டும் உதவி செய்யும் ஆண்டவரே" என்று ஜெபிக்கச் சொல்லுங்கள். நாளையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

விட்டு இரண்டு வாரம்கூட ஆகாதவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பது. பாஸ்டர் நல்ல எண்ணத்தில்தான் கேட்பார். மெதுவாக மறுத்துவிடுங்கள். ஊர் முழுக்கக் கைதட்டிய பிறகு சறுக்கினால், உதவி கேட்க அவருக்கு ஓர் இடமும் இருக்காது. ஒரு வருடம் போகட்டும்.

"விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று மருந்தை நிறுத்தச் சொல்வது. நற்செய்தி எழுதிய லூக்காவை, பைபிளில் பவுல் பிரியமான வைத்தியன் என்றுதான் அழைக்கிறார். மருந்தை நிறுத்தும் முடிவு டாக்டருடையது. அதேபோல, கை நடுங்குகிறவரை நேராக ஒரு வாரத் தியானத்துக்கு அனுப்பாதீர்கள். தியான மையத்தில் இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தால் பார்க்க யார் இருப்பார்? முதலில் ஆஸ்பத்திரி, தெளிந்த பிறகு தியானம். இந்த வரிசையில் போனால் தியானம் மனதில் இறங்கும்.

விசேஷ ஜெபத்துக்கு இவ்வளவு காணிக்கை என்று தொகை சொல்கிறவர்கள் வீட்டுப்படி ஏற வேண்டாம்.

8. அவர் தாமே செய்ய வேண்டியவை

இந்தப் பகுதியைக் குடிப்பழக்கம் உள்ள அண்ணனோ தம்பியோ நேராகப் படிக்கட்டும்.

ஆசை வரும். வருவது பாவமில்லை, நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்றும் அர்த்தமில்லை. அது அலை மாதிரி ஏறி இறங்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்துக்கு என்ன செய்வது என்று முன்னாலேயே முடிவு செய்து வையுங்கள். வயிறு நிறையச் சாப்பிடுங்கள், துணை ஆளுக்குப் போன் போடுங்கள், அந்த இடத்தைவிட்டு நடந்துவிடுங்கள், தெரிந்த ஒரு ஜெபத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜெபம் இங்கே உண்மையிலேயே ஓர் ஆயுதம். ஆனால் கடை வாசலில் நின்றுகொண்டு ஜெபிக்காதீர்கள். நடந்துகொண்டே ஜெபியுங்கள்.

பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்டவரும் விழுவார். இரவெல்லாம் தொழில் செய்து கரைக்கு வரும்போது நாலும் சேர்ந்தே இருக்கும். அதனால் படகிலேயே சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். இறங்குதளத்தில் பங்கு பிரிக்கும் இடம் அடுத்த ஆபத்து. பங்குப் பணத்தை வீட்டுக்காரியோ அம்மாவோ வந்து வாங்கட்டும், அல்லது முதலாளி நேராகக் கணக்கில் போடட்டும். ஆம்பளை கையில் காசு இல்லையென்றால் மரியாதைக் குறைவு என்று கூட்டாளிகள் சீண்டுவார்கள். சீண்டட்டும். ஆறு மாதம் கழித்து அவர்களே கடன் கேட்டு வருவார்கள்.

சிகிச்சை முடிந்த முதல் சில வாரம் கடலுக்குப் போகலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரை சாப்பிடும்போது இரவுத் தொழில் வேண்டாம், வலை பின்னுவது, கரை வேலை என்று பாருங்கள். திரும்பிப் போகும்போது பாட்டில் ஏற்றாத படகாகத் தேடுங்கள். பங்கு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

வருட ஆரம்பத்திலேயே காலண்டரில் ஆபத்தான நாட்களை வட்டம் போடுங்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, பிப்ரவரி 4 ஓரியூர் அருளானந்தர் திருநாள், ஈஸ்டர் இரவு, ஜூலையில் தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, உங்கள் ஊர்க் கொடியேற்றம். கல்யாணமும் துக்க வீடும் தேதி சொல்லி வராது. ஒவ்வொன்றுக்கும் யாருடன் போவீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதுங்கள். தேர்ப்பவனி முடிந்த பிறகான இரண்டு மணி நேரம்தான் மோசமானது. பவனி முடிந்ததும் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

"பவுலே தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னாரே" என்று யாராவது கிளாஸை நீட்டுவார்கள். அது வயிற்றுக் கோளாறுக்குச் சொன்னது. மதுவெறி கொள்ளாதீர்கள் என்று எபேசியருக்கு எழுதியதும் அதே பவுல்தான். விவாதத்துக்கு உட்கார வேண்டாம். "எனக்கு ஒத்துக்காது அண்ணே" என்று சொல்லி எழுந்துவிடுங்கள்.

9. சறுக்கினால்

பலரும் ஒருமுறையாவது சறுக்குகிறார்கள். அன்றே டாக்டரிடம் போவது, அன்றே துணை ஆளிடம் சொல்வது, இவ்வளவுதான் செய்ய வேண்டியது. "இனி எல்லாம் போச்சு" என்று ஒரு வாரம் தொடர்ந்து குடிப்பதுதான் ஆளைக் கொல்கிறது. மறுபடி தினமும் குடிக்க ஆரம்பித்துவிட்டால் முதல் படியிலிருந்து தொடங்குங்கள், திடீரென்று நிறுத்த வேண்டாம். வீட்டார் பழைய கணக்கை எல்லாம் அன்றைக்கு எடுக்காதீர்கள். ஆஸ்பத்திரி சீட்டை மட்டும் எடுங்கள்.

10. வீட்டில் இருப்பவர்களுக்கு

அவருக்காகப் பொய் சொல்வதை நிறுத்துங்கள். முதலாளியிடம் காய்ச்சல் என்று சொல்வது, கடையில் அவர் வைத்த கடனை அடைப்பது, மகளிர் குழுக் கடனை எடுத்து அவர் கையில் கொடுப்பது எதுவும் வேண்டாம். கடல்பாசி எடுத்தும் மீன் விற்றும் நீங்கள் சம்பாதித்த காசு பிள்ளைகளுக்கானது.

அடி வாங்குகிற பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "பொறுத்துக்கொள் அம்மா, இது உன் சிலுவை" என்று ஆலயத்தில் யாராவது சொன்னால், அவர் சொல்வது தவறு. மன்னிப்பது வேறு, அடிக்கிற கைக்குள் பிள்ளைகளோடு படுத்திருப்பது வேறு. தாய் வீட்டுக்கோ சிஸ்டர்கள் மடத்துக்கோ போய்விடுங்கள். 181க்கு அழையுங்கள். நீங்கள் தள்ளி இருந்தாலும் அவருக்குச் சிகிச்சை நடக்கும்.

போனில் பதிந்து வைக்க வேண்டிய எண்கள், எல்லாம் இலவசம்:

108: வலிப்பு, புத்தி தடுமாற்றம், இரத்த வாந்தி, எந்த நேரமானாலும்.
14446: போதை மீட்பு ஆலோசனை, அருகிலுள்ள மையங்கள்.
14416: மனநல ஆலோசனை, இரவிலும் பேசலாம், தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்று அவர் பேசினாலும் உங்களுக்கே தோன்றினாலும் உடனே இந்த எண்.
104: அரசு மருத்துவ விவரங்கள்.
181: பெண்களுக்கு.
1098: குழந்தைகளுக்கு ஆபத்து என்றால்.